பதினோரு நரிவெங்காயம்

அம்மான், லுவைப்தே
4 அக்டோபர் 1998

அன்புள்ள ஹியாம் அக்காவுக்கு,

ஃபிர்யால் எழுதுகிறேன். இங்கே நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் கொழுந்தனார் ஆதிஃபின் வீம்பும் நலம்.

போன் செய்யலாம் என்று இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பெரியவரே எடுத்தார். என் குரலைக் கேட்டதும் “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டார். அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தி மூன்று வருடமாகிறது, அந்த மூன்று வருடமாக நானும் உங்கள் வீட்டுக்கு ராங் நம்பர்தான். அதனால்தான் மினி பஸ் ஓட்டும் அபூ ஸக்ரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். காலி ஊறுகாய் ஜாடிக்குள் வைத்திருக்கிறேன், யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் புல்தரை செத்துப்போனது. வாரத்துக்கு ஒருநாள் வருகிற தண்ணீரில் பாதியை ஆதிஃப் அந்தப் புல்லுக்கே ஊற்றினார். மீதியில் நாங்கள் குளித்தோம், துவைத்தோம், சமைத்தோம். அப்படியும் ஆகஸ்டில் அது கோணிச் சாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. இன்னும் தினமும் காலையில் காபியோடு போய் அதன் பக்கத்தில் நிற்கிறார், துக்க வீட்டுக்குப் போனவர் மாதிரி.

போன வாரம் ஜெரஷ் பக்கம் போய்விட்டு வரும்போது மலைச்சரிவைப் பார்த்தேன் அக்கா. ஐந்து மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் அங்கே செடி நிற்கிறது, மணக்கிறது. அந்த மலைக்கு எந்த லாரியில் தண்ணீர் போகிறது? அன்றைக்கே முடிவு செய்தேன். புல்லைப் பெயர்த்துவிட்டு நம் மலையின் செடிகளையே நடப்போகிறேன். ஒரு பருவத்தோடு சாகிறவை வேண்டாம், வருடா வருடம் தானே திரும்பி வருகிறவை வேண்டும். கிராஃப் தாள் வாங்கித் தோட்டத்தை வரைந்தும்விட்டேன். கணக்கு டீச்சர் வேறு எப்படித் தொடங்குவாள்? ஒன்பது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மேற்கு வெயில், சுண்ணாம்பு மண். பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒன்று பூக்க வேண்டும். முதல் இரண்டு வருடத்துக்குப் பிறகு தண்ணீர் கேட்கக் கூடாது. என்னென்ன நடலாம், சொல்லுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். ஆதிஃபிடம் கேட்டதற்கு இப்படிச் சொன்னார்: “என்ன வேணா நட்டுக்கோ. ஆனா எங்க அண்ணன் வீட்டுல இருந்து ஒரு குச்சிகூட இங்க வரக்கூடாது.” அதனால் நீங்கள் எது அனுப்பினாலும் நர்சரியில் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வேன்.

உங்கள் ஓரகத்தி,
ஃபிர்யால்


அன்ஜரா
15 அக்டோபர் 1998

என் கண்ணே ஃபிர்யால்,

ஜாடி வந்தது. இவர் மூடியைத் திறக்கப் போனார், பறித்துக்கொண்டேன். ஓரகத்தி என்றால் பகையாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நம் வீட்டில் பகை ஆண்களோடு நின்றுவிட்டது, அல்லாஹ்வுக்கு நன்றி.

நீ சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய், உனக்கே அது தெரியாது. பட்டணத்து ஆட்கள் பூவைப் பார்த்ததும் வசந்தத்தில் நடுவார்கள், ஜூனில் புதைப்பார்கள். நம் மண்ணுக்கு நடவு முதல் மழைக்குப் பிறகுதான். குளிரில் வேர் கீழே போகும், அப்புறம் வெயில் எவ்வளவு அடித்தாலும் அது கவலைப்படாது.

இந்தச் சாக்கில் இருப்பவை: மர்யமிய்யா எட்டுக் கிளை. உன் டீக்கும் ஆகும், உன் சுவருக்கும் ஆகும். நெருக்கமாக நடாதே, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் விடு. இப்போது குச்சியாகத் தெரியும், இரண்டு வருடத்தில் உன் இடுப்பை இடிக்கும். ரொட்டிக்குப் பொடிக்கிற ஸாத்தர் ஐந்து கொத்து, இருப்பதிலேயே வெயில் அதிகமான இடத்தில் வை. கத்மிய்யா விதை ஒரு கைப்பிடி. முதல் வருடம் இலையோடு உட்கார்ந்திருக்கும், திட்டிப் பிடுங்கிவிடாதே. அடுத்த வருடம் உன் கணவரின் உயரத்துக்கு இளஞ்சிவப்பாக நிற்கும். ஸமத்தூத் கிழங்கு ஆறு. சுவரின் நிழலில், கல்லுக்கு நடுவே திணி. ஜனவரியில் பூக்கும். நீ பூவைப் பார்ப்பாய், நாங்கள் இங்கே அதன் இலையைப் பறித்து அரிசி வைத்துச் சுருட்டி வேகவைப்போம்.

கறுப்பு சவ்ஸன் பூவும் கேட்பாய் என்று தெரியும், கிடையாது. அது மலையில் இருக்கட்டும். ஒன்றை நன்றாக மனதில் வை: விதை எடு, கிளை எடு, நின்ற செடியை வேரோடு பிடுங்காதே. எது வேண்டுமானாலும் முதலில் என்னைக் கேள்.

இங்கே காய் பறிப்பு தொடங்கிவிட்டது. நடுவில் நிற்கிற அந்தக் கிழட்டு ஆலிவ் மரத்தில் இந்த வருடமும் யாரும் கை வைக்கவில்லை. மாமா சரிவை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தபோது அந்த மரம் சரியாக எல்லையில் வந்து நிற்கும் என்று யார் கண்டது? “அடிமரம் என் பக்கம்” என்று உன் ஆள். “கிளை பூரா என் பக்கம்” என்று என் ஆள். ஊர் பார்க்கக் கத்தினார்கள். இப்போது இரண்டு பேருக்கும் இல்லாமல் காய் கீழே விழுந்து மண்ணோடு மண்ணாகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அன்புடன்,
ஹியாம்


அம்மான்
9 ஏப்ரல் 1999

அன்பான ஹியாம் அக்கா,

பிழைத்துவிட்டன. எல்லாமே பிழைத்துவிட்டன. இந்தக் குளிர்காலம் மழையே இல்லை, டி.வி.யில் தினமும் அணையின் வறண்ட தரையைக் காட்டுகிறார்கள். எதிர்வீட்டு ரோஜாத் தோட்டம் பரிதாபமாக நிற்கிறது. என் மர்யமிய்யா ஊதா நிறத்தில் பூத்துத் தள்ளுகிறது. அதில் என்ன தேனீ தெரியுமா? வகுப்பை முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறேன், வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்காமல் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு என்ன வந்தது என்று என் மகளே கேட்கிறாள்.

ஜனவரியில் ஸமத்தூத் பூத்தது. ஆறில் ஐந்து. ஆறாவது கிழங்கை நான் தலைகீழாக நட்டிருக்கிறேன், அதுவும் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டது. கத்மிய்யாவை நான் திட்டவில்லை, பிடுங்கவும் இல்லை.

ஆதிஃபின் கதை கேளுங்கள். ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி விற்கிற மனிதருக்குத் தன் வாசலில் நடப்பது தெரியவில்லை என்று நினைத்தேன். நேற்று டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். “இந்த மர்யமிய்யா எங்க மலை வாசனை அடிக்குதே” என்றார். நர்சரிக்காரரும் உங்கள் மலைப்பக்கத்து அஜ்லூன்காரர்தான் என்று சொன்னேன். இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

என் கிராஃப் தாளில் இப்போது எல்லா மாதத்துக்கும் நிறம் தீட்டிவிட்டேன். செப்டம்பர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கோடை முடிந்து மழை வருவதற்கு முன்னால், தண்ணீரே இல்லாமல், வெறும் தரையிலிருந்து எது பூக்கும்? அப்படி ஒரு செடி இருந்தால் எனக்கு வேண்டும்.

ஃபிர்யால்


அம்மான்
20 ஜூன் 1999

அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அபூ ஸக்ர்தான் சொன்னார், மகளின் பிரசவத்துக்காக நீங்கள் இர்பிதில் இருக்கிறீர்களாம். பேரனுக்கு ஆயுளும் உங்களுக்குத் தூக்கமும் கிடைக்கட்டும்.

என் செப்டம்பர் கிடைத்துவிட்டது! நரிவெங்காயம். பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார். ஊர் மையவாடியில் கல்லறைகள் மேல் நட்டிருப்பார்களே, கோடைக் கடைசியில் இலை ஒன்றும் இல்லாமல் ஒரு வெள்ளைத் தண்டு ஆள் உயரத்துக்கு எழும்புமே, அதேதான். எப்படி எனக்கு இவ்வளவு நாள் தோன்றவில்லை?

வியாழக்கிழமை அன்ஜராவில் என் பழைய மாணவி ஒருத்தியின் கல்யாணம். போகிற வழியில் டாக்ஸியை நம் சரிவில் நிறுத்தச் சொன்னேன். அங்கே போய்ப் பார்த்தால், அக்கா, நரிவெங்காயம் ஒன்றல்ல, பதினொன்று. இலை காய்ந்துபோய் மண்டை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது, யாரோ எனக்காகவே நட்டு வைத்தது போல வரிசையாக. பதினோரு வருடம் காய் பறிக்க வந்தபோதெல்லாம் அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், களை என்று நினைத்துக்கொண்டு. எங்கள் பங்கில் இருக்கிறதுதானே, நீங்களும் ஊரில் இல்லை, கேட்க ஆளில்லை என்று தோண்டிவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் தலை அளவு. கல்யாணச் சட்டையோடு இரண்டு மணி நேரம். டாக்ஸிக்காரர் எனக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்.

அதன் சாறு பட்டால் கை அரிக்கும் என்று தெரிந்துதான் மஞ்சள் ரப்பர் கையுறை கொண்டுபோனேன். அப்படியும் தோண்டும்போதே ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டேன், இடது கை இன்னும் சிவந்து கிடக்கிறது. பரவாயில்லை. குழிகளை நன்றாக மூடிவிட்டு வந்தேன். இங்கே தெற்குச் சுவர் ஓரம், அங்கே இருந்தது போலவே வரிசையாக நட்டுவிட்டேன்.

செப்டம்பருக்காக நாள் எண்ணுகிறேன்.

ஃபிர்யால்


அன்ஜரா
2 ஜூலை 1999

ஃபிர்யால்,

நேற்றுத்தான் இர்பிதிலிருந்து வந்தேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உட்கார்ந்து படி.

நீ தோண்டியது செடி இல்லை, வரப்பு. நம் மாமா மகன்களுக்குப் பங்கு பிரித்தபோது எல்லையில் தன் கையால் நட்ட நரிவெங்காயம் அது. இந்த மலையில் எந்த நிலத்துக்கும் எல்லை அப்படித்தான். “கல்லை ராத்திரியோட ராத்திரியா நகர்த்திடலாம். நரிவெங்காயத்தை நகர்த்த முடியாது, அது ஒரு முழம் கீழ உட்கார்ந்திருக்கும்” என்பார். நீ நகர்த்திவிட்டாய். அம்மானுக்கே நகர்த்திவிட்டாய்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். நீ தோட்டம் போட வரப்பே கிளம்பிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இல்லை என்று எழுதுகிறேனே தவிர, கொஞ்சம் இருக்கிறது. எதுவானாலும் முதலில் என்னைக் கேள் என்று சொன்னேனா இல்லையா?

இன்று காலையில் போய்ப் பார்த்தேன். நீ குழியை அவ்வளவு நேர்த்தியாக மூடியிருக்கிறாய், எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கிளைக்காக மூன்று வருடம் பேசாதவர்கள், எல்லையே காணோம் என்றால் என்ன ஆகும்? தம்பி பெண்டாட்டியை அனுப்பி நிலத்தை விழுங்கப் பார்க்கிறான் என்றுதான் இவர் சொல்வார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டுவார், கோர்ட்டுக்குப் போவார். அதற்குப் பிறகு நீயும் நானும்கூட எழுதிக்கொள்ள முடியாது. எனக்கு அதுதான் பயம்.

நீ அளந்து வைத்திருக்கிறாயா? கிராஃப் தாளில் எங்கேயாவது?

ஹியாம்


அம்மான்
6 ஜூலை 1999

அக்கா,

அளக்கவில்லை. சுவர் ஓரத்தில் நட்டதை சென்டிமீட்டர் சுத்தமாக அளந்திருக்கிறேன். அங்கே எடுத்த இடத்தை அளக்கவே தோன்றவில்லை. இருபது வருடம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவள் நான், எனக்கு நானே போட்டுக்கொண்டால் சுழியம்தான்.

எல்லாவற்றையும் தோண்டி அபூ ஸக்ரிடம் அனுப்பட்டுமா? நீங்களே ஒரு கோடு போட்டு நட்டுவிடுங்கள். மரத்தை முழுசாக உங்கள் பக்கமே விட்டுவிடுங்கள். ஆதிஃப் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களை இழக்க என்னால் முடியாது அக்கா. எனக்கு இருக்கிற ஒரே அக்கா நீங்கள்தான்.

ஃபிர்யால்


அன்ஜரா
21 ஆகஸ்ட் 1999

என் கண்ணே,

அனுப்பாதே. முதலில் மரத்தை உன் பக்கம் விட்டுக் கோடு போடலாம் என்று நினைத்தேன், நீ என் பக்கம் என்கிறாய். இந்தச் சண்டையையும் நாம் இரண்டு பேர் ஆரம்பிக்க வேண்டாம். இரண்டாவது, அவை இப்போது உள்ளே மொட்டுக் கட்டியிருக்கும். இன்னொரு தடவை கிளறினால் செத்துவிடும்.

இங்கே எனக்குப் புரியாத ஒன்று நடக்கிறது. இவர் தினமும் காலையில் சரிவுக்குப் போகிறார். பார்க்காமல் இருக்க முடியாது, அந்த மண்ணில் ஒரு கல் புரண்டாலே கண்டுபிடித்துவிடுகிற மனுஷன். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமும் இல்லை. போன வாரம் அந்தக் கிழட்டு மரத்தின் அடியில் முளைத்த குருத்துகளையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்திருக்கிறார். மூன்று வருடமாகத் தொடாத மரம். உங்கள் பங்கில் இருக்கிற மரங்களுக்கும் சேர்த்துக் களை எடுத்திருக்கிறார்.

என்னங்க, வெயிலில் இவ்வளவு நேரம் என்ன வேலை என்று கேட்டேன். “சும்மாதான். காத்திருக்கேன்” என்றார். எதற்கு என்று கேட்கத் தைரியம் இல்லை.

துஆ செய்.

ஹியாம்


அம்மான்
23 செப்டம்பர் 1999, வியாழன்

ஹியாம் அக்கா,

பூத்துவிட்டன. பதினொன்றும். பயத்தையெல்லாம் மறந்து முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். திங்கட்கிழமை விரல் உயரம், புதன்கிழமை என் இடுப்புக்கு வந்துவிட்டது. இலை இல்லை, தண்ணீர் இல்லை, காய்ந்த மண்ணிலிருந்து பதினோரு வெள்ளைத் தண்டு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் அதிகமாகப் பயந்திருப்பேன்.

நேற்று மாலை ஆதிஃப் கடையிலிருந்து வந்து கதவருகே நின்றார். காபி வேண்டுமா என்று கேட்டேன். விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

“பதினொண்ணு,” என்றார். “ஃபிர்யால், இதுவும் நர்சரியா?”

அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மர்யமிய்யா, ஸாத்தர், ஊறுகாய் ஜாடி, கல்யாணச் சட்டை, எல்லாம். கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணன் பார்த்தாரா?”

“தினம் அங்கதான் போறாராம்.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“ஒண்ணும் சொல்லலையாம். உங்க மரத்துக்கும் சேர்த்துக் களை எடுக்கறாராம்.”

எழுந்துபோய் ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நான் ஒரு கிளைக்கு ஊரைக் கூட்டினேன். அவர் வரப்பே போயும் வாயத் திறக்கலை.” அது கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நான் கேட்காத குரல்.

நாளை வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தனியாக வருகிறார். அபூ ஸக்ரின் காலை பஸ்ஸில் இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வந்துவிடும். என் மனைவி தெரியாமல் செய்துவிட்டாள் என்று அண்ணனிடம் உண்மையைச் சொல்லப்போகிறாராம். நடப்பது நடக்கட்டும். நான் இங்கே பூக்களுக்குக் காவல்.

உங்கள்
ஃபிர்யால்


அன்ஜரா
25 செப்டம்பர் 1999

ஃபிர்யால், என் உயிரே,

கொழுந்தன் நேற்றே வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பான். அவன் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

இவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் டீத் தட்டோடு பத்தடி பின்னால் நின்றேன். உன் ஆள் கீழேயிருந்து ஏறி வந்தான், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பையன் மாதிரி. இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வந்துட்டியா,” என்றார். “மூணு மாசம் எடுத்துக்கிட்டியே.”

“அண்ணே, அந்த வரப்பு...”

“எடுத்துட்டேல்ல? எடுத்தது நல்லது. அண்ணன் தம்பிக்கு நடுவுல வெங்காயம் எதுக்கு?”

ஆதிஃப் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். இவர் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டுவிட்டார். அப்புறம் எதைச் சொல்வது? என் தட்டில் இருந்த டீயெல்லாம் கொட்டிவிட்டது. இரண்டு பேரும் அழுதார்கள், நானும் அழுதேன், பிறகு மூன்று பேரும் கொட்டின டீக்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம்.

தம்பிதான் வரப்பை எடுத்துச் சமாதானம் கேட்டான் என்று இவர் நம்பிவிட்டாரே, இந்தப் பொய்யை எப்படிச் சுமப்பது என்று எனக்கு ஒரே உறுத்தல். உன் ஆள் காரில் ஏறிப் போய், நாங்கள் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்று இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் இவர் அலமாரியில் காபி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். மஞ்சள் ரப்பர் கையுறை.

“இதை உன் ஓரகத்திகிட்ட சேர்த்துடு. பாவம், ஒரு கை அரிச்சிருக்கும்.”

தெரியுமா என்று கேட்டேன்.

“என் தம்பி கை இதுக்குள்ள போகுமா? அன்னிக்கே அந்தக் குழி மண்ணுல கிடைச்சுது.”

“தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லலை?”

“மூணு வருஷமா ஒரு சாக்கு தேடிக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு தோண்டிக் குடுத்துட்டா. வேண்டாம்னு சொல்லவா? செப்டம்பர்ல அது பூக்கும். பூத்தா அவன் எண்ணுவான். அப்பா நடும்போது அவன்தான் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக் குடுத்தான்.”

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். “சொல்லியிருந்தா அடுத்த ஊறுகாய் ஜாடியிலயே போயிருக்கும்,” என்றார். ஜாடியும் தெரிந்திருக்கிறது ஃபிர்யால். நாம் இரண்டு பேரும்தான் கெட்டிக்காரிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கையுறையைத் துவைத்து இதோடு வைத்திருக்கிறேன். இவர் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். பத்து உன் சுவர் ஓரத்திலேயே இருக்கட்டும், அது உன் செப்டம்பர். முதல் மழை விழுந்ததும் ஒன்றை மட்டும் பதமாகத் தோண்டி எடுத்துக்கொண்டு வா. மாமாவின் கல்லறையில் நட வேண்டும். அந்த வாரமே கிழட்டு மரத்தில் காய் பறிப்போம், நான்கு பேரும்.

என்றைக்கு வருகிறாய் என்று போனில் சொல்லிவிடு. இவர்தான் எடுப்பார். நம்பர் சரியாகத்தான் இருக்கிறதாம்.

உன் அக்கா,
ஹியாம்